முப்பது மணி நேரம்: ஒமாகா கரையில் ஒரு கறுப்பின மருத்துவ வீரர்



போர்வீரர்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு எப்போதும் ஒரு தயக்கம் வருகிறது. எந்தப் படை, யாருக்கான போர், அந்தக் கொடியின் கீழ் நம்மவருக்கு என்ன இடம் என்று கேட்காமல் வீரத்தை மட்டும் தனியே எடுத்து மெச்சுவது ஆபத்தான வேலை. அப்படி மெச்சியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நம் நாட்டிலேயே பார்க்கிறோம். இருந்தும் இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் ஒரு படைவீரரையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். போர்க்களத்தில் அவர் கையில் இருந்தது மருந்துப் பை. அவர் பெயர் வேவர்லி உட்சன். அமெரிக்கக் கறுப்பினத்தவர், பிலடெல்பியாவில் 1922-ல் பிறந்தவர். 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கி, தாமே காயம்பட்ட நிலையில், குண்டு மழைக்கு நடுவே முப்பது மணி நேரம் அடிபட்ட வீரர்களைக் காப்பாற்றினார். அதற்குரிய பெரிய பதக்கம் அவருக்கு வரவில்லை. அடுத்த நிலைப் பதக்கம் வந்தபோது அந்த நாளுக்கு எண்பது வயது. அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடைவெளிதான் இன்றைய பேச்சு.

உட்சன் ஒன்றும் படிக்காமல் பட்டாளத்துக்கு ஓடிய ஆள் இல்லை. பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்கான முன்தயாரிப்பில் இருந்தார். கறுப்பினத்தவருக்கென்று எழுந்த பழைய கல்வி நிலையங்களுள் ஒன்று அது. லாங்ஸ்டன் ஹியூஸ், துர்குட் மார்ஷல், குவாமே நுக்ருமா ஆகியோர் படித்த இடம். 1942 டிசம்பரில் படிப்பைப் பாதியில் விட்டுப் படையில் சேர்ந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்ததால் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பயிற்சியையும் முடித்தார். முடித்த பிறகு, கறுப்பின அதிகாரிக்குக் கொடுக்க இடமில்லை என்றார்கள். தேர்வு எழுதலாம், தேறலாம், இடம் மட்டும் இருக்காது. இந்தப் பதிலை இங்கே உள்ள மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிகாரியாக வேண்டியவர் மருத்துவ உதவியாளராக மாற்றப்பட்டு 320-ஆவது தடுப்புப் பலூன் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டார்.

தடுப்புப் பலூன் என்றால் என்ன என்று ஒரு சொல். ஹைட்ரஜன் நிரப்பிய பெரிய பலூனை இரும்புக் கம்பி வடத்தில் கட்டி வானில் பறக்கவிடுவார்கள். தாழப் பறந்து வந்து சுடும் எதிரி விமானம் அந்த வடத்தில் மாட்டி விழும், அல்லது அந்தப் பயத்தில் உயரவே பறந்து குறி தவறும். காற்றின் போக்கு தெரிய வேண்டும், வாயுவைக் கையாளத் தெரிய வேண்டும், கையை அறுத்துவிடும் வடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். டென்னசி மாநிலத்தில் கேம்ப் டைசன் என்ற முகாமில் இதற்குப் பயிற்சி. அங்கே கறுப்பின வீரர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனி உணவுக்கூடம். அந்தக் காலத்துத் தெற்கு மாநிலங்களில் பிடிபட்ட ஜெர்மன் போர்க்கைதிகள் உட்கார்ந்து சாப்பிட்ட உணவகங்களில், அமெரிக்கச் சீருடை அணிந்த கறுப்பின வீரர் பின்வாசலில் நிற்க வேண்டியிருந்தது. எதிரி வெள்ளையன், காவலுக்கு வந்தவன் கறுப்பன். எதிரிக்கு மேசை, காவலனுக்குப் பின்வாசல். இதை எத்தனையோ கறுப்பினப் படைவீரர்கள் பிற்காலத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1943 இறுதியில் இந்தப் படைப்பிரிவு பிரிட்டனுக்குக் கப்பலேறியது. வேல்ஸ் பகுதியில் தங்கவைக்கப்பட்டது. அங்கே சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் இவர்களை வீட்டுக்குள் அழைத்துத் தேநீர் கொடுத்ததும், வாசல் வழியாக உள்ளே நுழைந்த அனுபவம் சிலருக்கு அதுவே முதன்முறை என்பதும் தனியே எழுத வேண்டிய கதை.

ஜூன் 6 காலை உட்சன் ஏறியிருந்த படகு டாங்கிகளை ஏற்றிச் செல்லும் தட்டையான தரையிறங்கு படகு. போக வேண்டிய இடம் ஒமாகா என்று பெயரிட்டிருந்த கரைப்பகுதி. அன்று ஐந்து கரைகளில் நேசப்படைகள் இறங்கின. அவற்றில் மிக அதிகம் இரத்தம் சிந்தியது ஒமாகாவில். மேலே செங்குத்தாக மேடுகள். அந்த மேடுகளில் காங்கிரீட் அரண்களுக்குள் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள். கீழே அலையும் மணலும் கண்ணிவெடிகளும். ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. அன்று ஒருநாளில் அந்த ஒரு கரையில் மட்டும் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போன அமெரிக்கர்கள் 2,000 பேருக்கும் மேல்.

படகு முதலில் கண்ணிவெடியில் மோதியது. பிறகு குண்டு விழுந்தது. படகிலிருந்த பலர் அங்கேயே இறந்தார்கள். சிதறிய இரும்புத் துண்டுகள் உட்சனின் தொடையிலும் பிட்டத்திலும் பாய்ந்தன. தான் சாகப்போவதாகவே முதலில் நினைத்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். கூட இருந்த இன்னொரு மருத்துவ உதவியாளர் அவருக்குக் கட்டுப் போட்டார். கட்டோடு அவர் கரையேறினார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

கரையேறியவர் செய்த முதல் வேலை, மேட்டின் அடிவாரத்தில் கொஞ்சம் மறைவான இடம் பார்த்து முதலுதவி நிலையம் ஒன்றை அமைத்தது. நிலையம் என்றால் கூரையும் கட்டிலும் இருந்தன என்று எண்ண வேண்டாம். ஒரு கூடாரத் துணி, மருந்துப் பை, பிளாஸ்மா புட்டிகள், அவ்வளவுதான். அங்கிருந்து வெளியே போய் அடிபட்டவர்களை இழுத்து வந்தார். இழுத்து வர முடியாதவர்களுக்குக் கிடந்த இடத்திலேயே கட்டுப் போட்டார். குண்டுகளை எடுத்தார். உடைந்த எலும்புகளுக்குச் சிம்பு வைத்தார். இரத்தம் வடிந்து வெளிறிப்போனவர்களுக்குப் பிளாஸ்மா ஏற்றினார். ஒருவருடைய பாதத்தைத் துண்டிக்கவும் நேர்ந்தது. படிப்பு முடிக்காத மாணவர், டாக்டர் ஆகாத டாக்டர், அறுவை மேசை இல்லாமல், மயக்க மருந்து வல்லுநர் இல்லாமல், தன் காயத்தோடு இதைச் செய்தார். பகல் முழுக்க, இரவு முழுக்க, மறுநாள் பிற்பகல் வரை. அவர் கை பட்டவர்கள் 200 பேர் வரை இருக்கும் என்று அப்போதே எழுதப்பட்டது.

முப்பது மணி நேரம் கழிந்து அவரை விடுவித்து அனுப்பும் நேரத்தில், கரைக்கு வந்துகொண்டிருந்த வேறொரு படகிலிருந்து இறங்கிய வீரர்கள் ஆழத்தில் சிக்கி மூழ்கினார்கள். அவர்களை வெளியே இழுத்துப் போட்டதும், சுற்றி நின்றவர்களுக்குச் செயற்கை மூச்சுக் கொடுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே தாமும் செய்து உயிர் மீட்டதும் உட்சன்தான். பிறகு விழுந்தார். மருத்துவமனைக் கப்பலுக்குத் தூக்கிப் போனார்கள். சில நாட்களில், திரும்பக் கரைக்கே அனுப்புங்கள் என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் நின்றாக வேண்டும். உட்சன் ஏற்றிய பிளாஸ்மாவைப் பற்றி.

இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் நீர்ப்பகுதி பிளாஸ்மா. முழு இரத்தம் சீக்கிரம் கெட்டுவிடும், வகை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பிளாஸ்மாவை உலர்த்திப் பொடியாக்கி வைக்கலாம், கடல் கடந்து அனுப்பலாம், களத்திலேயே காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஏற்றலாம். இரண்டாம் உலகப் போரில் ஆயிரமாயிரம் உயிர்களை அது பிடித்து நிறுத்தியது. அதைப் பெருமளவில் சேகரித்துப் பதப்படுத்தி அனுப்பும் முறையை உருவாக்கியவர்களுள் முன்னணியில் இருந்தவர் சார்லஸ் ட்ரூ. 1940-ல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை நடத்தியவர். 1941-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த வங்கிக்குத் தலைமை ஏற்றவர். அவர் கறுப்பினத்தவர். அவர் வளர்த்தெடுத்த அந்தத் திட்டத்தில், போர் தொடங்கியபோது, கறுப்பினத்தவரின் இரத்தத்தை வாங்குவதே இல்லை என்று முடிவு செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 1942 ஜனவரியில் ஒரு சலுகை தந்தார்கள். கறுப்பினத்தவரும் இரத்தம் கொடுக்கலாம். ஆனால் தனியாக வைக்கப்படும், தனியாகச் சீட்டு ஒட்டப்படும், வெள்ளை வீரர் உடம்பில் ஏறாது. இரத்தத்துக்கு நிறபேதம் கிடையாது என்று ட்ரூ அறிவியல்படி எடுத்துச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை, மாற்றவும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் இந்தப் பாகுபாட்டைக் கைவிட்டது 1950-ல். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ட்ரூ ஒரு கார் விபத்தில் இறந்தார்.

தனிக் குவளை தெரிந்த நமக்கு இந்தத் தனிப் புட்டி புதிதல்ல. இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் நமக்கு ஒமாகாவின் மணல் நினைவுக்கு வருகிறது. அங்கே வெள்ளை வீரர்களின் நரம்பில் ஊசி குத்திய கை கறுப்புக் கை. தெற்கு மாநிலத்து ஊர் ஒன்றில் அதே கை அதே உடம்பைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலத்தில் படையிலேயே கறுப்பின மருத்துவர்களும் செவிலியரும் பெரும்பாலும் கறுப்பின நோயாளிகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தப் பழமொழிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆபத்து முடிந்ததும் பாவம் திரும்பி வந்துவிடும். வெள்ளத்தில் பிணம் அகற்றவும் தீயில் இறங்கவும் கூப்பிடப்படுகிற கைகளுக்கு, தண்ணீர் வடிந்த பிறகு எந்த இடம் என்பதை நாம் அறிவோம். உட்சனின் கைக்கும் அதுதான் நடந்தது. அங்கே மட்டும் அதற்கு எழுத்து வடிவத்தில் சான்று கிடைத்திருக்கிறது.

அன்று நார்மண்டியில் இறங்கிய கறுப்பினப் படையினர் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களில் போர்ப்பணிக்கென்று கரையிறங்கிய ஒரே கறுப்பினப் படைப்பிரிவு 320-ஆவது. மற்றவர்கள் சரக்கு இறக்கவும் வண்டி ஓட்டவும் அனுப்பப்பட்டவர்கள். இந்தப் படைப்பிரிவின் பணியை ஐசன்ஹோவரே கடிதம் எழுதிப் பாராட்டினார். உட்சனின் பெயரும் அப்போது மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படைத்துறையின் செய்தி அறிக்கையில் வந்தது. கறுப்பின இதழ்கள் அவரைக் கொண்டாடின. பாசிசத்துக்கு எதிராக வெளியே ஒரு வெற்றி, நிறவெறிக்கு எதிராக உள்ளே ஒரு வெற்றி என்ற 'இரட்டை வெற்றி' முழக்கத்தை 1942 முதல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழ் நடத்தி வந்த காலம் அது. அந்த முழக்கத்துக்கு உட்சனைவிடப் பொருத்தமான முகம் கிடைத்திருக்காது. ஆகவே, செய்தி மேலிடத்துக்குப் போகவில்லை என்றோ யாருக்கும் தெரியாமல் போயிற்று என்றோ யாரும் சொல்ல முடியாது.

எவ்வளவு மேலே போனது? அதற்கு ஒரு தாள் இருக்கிறது. பிலியோ நாஷ் என்று ஒருவர். போர்த் தகவல் அலுவலகத்தில் இன உறவு விவகாரங்களைக் கவனித்தவர், பிற்பாடு ட்ரூமன் அரசில் பணியாற்றியவர். அவர் 1944-ல் வெள்ளை மாளிகையில் இருந்த ஜோனதன் டேனியல்சுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். பிலடெல்பியாவைச் சேர்ந்த இந்த நீக்ரோ வீரருக்குப் படைத்தலைவர் 'சிறப்புமிக்க சேவைச் சிலுவை' பரிந்துரைத்திருக்கிறார்; பிரிட்டனில் உள்ள தளபதி லீயின் அலுவலகமோ அதற்கும் மேலான 'கௌரவப் பதக்கம்' பெறத் தகுந்தவர் என்று கருதுகிறது; சில வெள்ளைப் பையன்களுக்குக் கொடுத்ததுபோல இதைக் குடியரசுத் தலைவரே நேரில் கொடுக்கலாம். குறிப்பின் சாரம் இது. கௌரவப் பதக்கம் என்பது அமெரிக்கப் படையின் ஆக உயர்ந்த விருது. சேவைச் சிலுவை அதற்கு அடுத்தது. உட்சனுக்குக் கடைசியில் கிடைத்தது அவற்றுக்கும் வெகு கீழே உள்ள வெண்கல நட்சத்திரம், காயம்பட்டவர் எல்லாருக்கும் தரப்படும் ஊதா இதயம். தளபதி அலுவலகத்துக்கும் வெண்கல நட்சத்திரத்துக்கும் நடுவில் எந்த மேசையில் அந்தப் பரிந்துரை நின்றது என்பதற்குத் தாள் இல்லை.

தனி ஒருவருக்கு நேர்ந்த விபத்தா இது என்று கேட்டால், எண்ணிக்கை பதில் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்த கறுப்பினத்தவர் பத்து லட்சத்துக்கும் மேல். போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் கொடுக்கப்பட்ட கௌரவப் பதக்கங்கள் நானூறுக்கும் மேல். அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை: பூஜ்யம். முதல் உலகப் போரிலும் அதே பூஜ்யம்தான். ஒரு கோழைக் கூட்டத்தைப் பற்றி நாம் பேசவில்லை. ஜார்ஜ் வாட்சன் என்ற வீரர் 1943 மார்ச் 8 அன்று நியூ கினிக் கடலில், ஜப்பானிய விமானங்களின் குண்டு விழுந்து கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தபோது, தப்பிப் போகாமல், நீச்சல் தெரியாத சக வீரர்களை ஒவ்வொருவராக மிதவைக்கு இழுத்துச் சென்று சேர்த்தார். களைத்துப்போனவரை மூழ்கும் கப்பலின் இழுவை கீழே கொண்டுபோய்விட்டது. அவருக்கும் இரண்டாம் நிலைச் சிலுவைதான் கொடுத்தார்கள்.

1990-களில் இந்தப் பூஜ்யத்துக்கு விளக்கம் கேட்கும் நெருக்கடி வந்தபோது, படைத்துறை ஒரு ஆய்வை ஷா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. கறுப்பினத்தவருக்கு இப்பதக்கம் தரக்கூடாது என்ற எழுத்துபூர்வமான ஆணை எதுவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆணை தேவைப்படவில்லை என்பதே நம் வாசிப்பு. பரிந்துரை செய்ய வேண்டிய அதிகாரி வெள்ளையர், அதைப் பரிசீலிக்கும் அதிகாரி வெள்ளையர், மேலே அனுப்புபவர் வெள்ளையர். ஒவ்வொருவரும் ஒரு படி குறைத்து எழுதினால் போதும். யாருடைய மனசாட்சியும் உறுத்தாது. பல்கலைக்கழகப் பணி நியமனக் குழுக்களில் "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி இடங்களைக் காலியாகவே வைத்திருப்பதற்கும் ஆணை எதுவும் இருப்பதில்லை.

அந்த ஆய்வைத் தொடர்ந்து 1997 ஜனவரி 13 அன்று ஏழு கறுப்பின வீரர்களுக்குக் கௌரவப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. வாட்சன் அவர்களில் ஒருவர். ஏழு பேரில் உயிரோடு இருந்து கிளிண்டன் கையால் வாங்கியவர் வெர்னன் பேக்கர் ஒருவர் மட்டுமே. உட்சன் அப்போது உயிரோடு இருந்தார். ஆய்வில் அவர் பெயரும் வந்தது. ஆனால் பட்டியலில் சேரவில்லை. காரணம்: ஆவணம் இல்லை.

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் பெரும் தீ பிடித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு எரிந்து போயிற்று. உட்சனின் கோப்பும் அதில் போயிற்று என்பது படைத்துறையின் விளக்கம். தீ நிறம் பார்ப்பதில்லை, உண்மைதான். வெள்ளையர் கோப்புகளும் சேர்ந்துதான் எரிந்தன. ஆனால் பதக்கம் பெற வேண்டிய வெள்ளையர் அதைப் பெற்று, அது அரசிதழில் ஏறி, ஊரில் சிலையும் நிறுவப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆன பிறகுதான் தீ வந்தது. எரிந்த தாளால் அவர்களுக்கு நட்டமில்லை. 1944-ல் மறுத்ததற்கு 1973-ன் தீயைக் காரணம் காட்டுவது எப்படிப் பொருந்தும்? மறுக்கப்பட்டவரிடம்தான் தாளைக் கேட்கிறார்கள். தாள் எப்போதும் மறுத்தவரின் பொறுப்பில்தான் இருந்திருக்கிறது. பஞ்சமி நிலத்துக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறிய தோழர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். 1892-ல் அரசாணை போட்டுக் கொடுத்த நிலத்துக்கு இன்று பதிவேட்டைக் கொண்டுவா என்று, பதிவேட்டை வைத்திருப்பவரே கேட்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றையும் வைத்துப் பார்க்கலாம். கோரேகான் தூணில் 1818 ஜனவரி 1 அன்று இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் 'நாக்' என்று முடியும் பெயர்கள் மகர் வீரர்களுடையவை. பிரிட்டிஷார் அதைத் தங்கள் வெற்றிக்கு அடையாளமாக நட்டார்கள், மகர்களின் பெருமைக்காக அல்ல. அந்தப் படையே 1890-களில் 'போர்க்குலம்' என்ற கோட்பாட்டைக் காட்டி மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. சுபேதாரின் மகனான அம்பேத்கருக்கு அது குடும்ப அனுபவம். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917-ல் 111-ஆவது மகர் படைப்பிரிவைத் திரட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941-ல் மறுபடியும் தேவைப்பட்டது, மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943-ல் சமார் ரெஜிமென்ட் வந்தது, 1946-ல் கலைக்கப்பட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனாலும் கல் அங்கேயே நின்றது. கல் நின்றதால் 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அதன் முன்னால் போய் நிற்க முடிந்தது. எவருடைய நோக்கத்துக்காக வெட்டினாலும் கல்லில் வெட்டிய பெயரை அப்புறம் அழிப்பது கடினம். உட்சனுக்கு அப்படி ஒரு கல் இல்லாமற் போயிற்று.

கறுப்பின வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அம்பேத்கரே 1946-ல் டுபாய்சுக்கு எழுதிய கடிதத்தில் விடை சொல்லியிருக்கிறார். அமெரிக்க நீக்ரோக்களின் நிலையும் இந்தியத் தீண்டத்தகாதோரின் நிலையும் அவ்வளவு ஒத்திருப்பதால் அதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமானது என்பது அக்கடிதத்தின் கருத்து. ஒத்திருக்கிறது என்றுதான் அவர் எழுதினார், ஒன்றே என்று எழுதவில்லை. நிறம் மறைக்க முடியாதது, சாதி விசாரித்து அறியப்படுவது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு ஒப்பிடும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை.

நம்மிடையே உள்ள ஓர் எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சமத்துவம் பெற வீரம் காட்ட வேண்டுமா? ஒமாகாவில் ஓடி ஒளிந்த ஒரு கறுப்பின வீரருக்கும் உணவகத்தின் முன்வாசல் திறந்திருக்க வேண்டும்தானே? வேண்டும், ஐயமில்லை. வீரர்களின் பட்டியலைக் காட்டி உரிமை கேட்பது, வீரர் அல்லாத கோடிப்பேரைக் கைவிடுகிற வழியாக முடியலாம். அதனாலேயே உட்சனின் வீரத்தை உரிமைக்கு அடையாளச் சீட்டாக நாம் இங்கே நீட்டவில்லை. அவர் செய்ததை அவர் செய்தார் என்று எழுதி வைப்பது வேறு வேலை. திரைப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் வந்த 'தி லாங்கஸ்ட் டே', 1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரையான்' இரண்டும் இந்தக் கரையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவை. இரண்டாவது படத்தில் கரைக்கு மேலே பலூன்கள் மிதக்கின்றன. பலூனைப் பிடித்தவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. உட்சன் அந்தப் படம் வந்தபோது எழுபத்தைந்து வயதுக்காரர்.

போருக்குப் பிறகு அவர் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பட்டம் முடித்தார். 1948 ஜூலையில் ட்ரூமன் படையில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொரியப் போர் தொடங்கியபோது உட்சனைத் திரும்ப அழைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் பென்னிங் முகாமில் களமருத்துவ வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். இதைவிடத் தகுந்த ஆள் யார்? அங்கே போய் இறங்கியதும், வந்திருப்பவர் கறுப்பர் என்று தெரிந்து, அந்தப் பணி இல்லை என்றாயிற்று. உயிர் காக்கக் கற்றுக்கொடுக்க வந்தவரைப் பிணவறைப் பொறுப்புக்கு மாற்றினார்கள். பிறகு தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் நெடுங்காலம் மருத்துவத் தொழில்நுட்பப் பணியில் இருந்து 1980-ல் ஓய்வு பெற்றார். 1994-ல் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்குப் பிரெஞ்சு அரசு அவரை நார்மண்டிக்கு அழைத்துப் பெருமை செய்தது. சொந்த அரசு செய்யவில்லை. 2005-ல் இறந்தார். ஆர்லிங்டன் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகுதான் பத்திரிகையாளர் லிண்டா ஹெர்வியூ இந்தப் படைப்பிரிவைத் தேடிக் கிளம்பி, உயிரோடிருந்த சில முதியவர்களிடம் பேசி, 2015-ல் 'ஃபர்காட்டன்' என்ற நூலை வெளியிட்டார். நாஷின் குறிப்பை ட்ரூமன் நூலகத்துப் பெட்டிகளிலிருந்து வெளியே கொண்டுவந்தது அந்தத் தேடல். எரிந்த காப்பகத்துக்கு வெளியே, வேறொருவருடைய பெட்டியில், வேறொரு காரியத்துக்காக எழுதப்பட்ட தாளில் சான்று கிடந்திருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மவர் பெயர்கள் நம்மைப் பற்றிய கோப்பில் இல்லாவிட்டால், மிராசுதாரின் கணக்கில், மிஷனரியின் கடிதத்தில், காவல் நிலைய நாட்குறிப்பில், கப்பல் ஆள்பட்டியலில் இருக்கலாம்.

உட்சனின் மனைவி விடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் மேரிலாந்து மாநில செனட்டர் வான் ஹாலன் வழியாகப் படைத்துறையின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். படைத்துறைக்குள்ளேயே 'முதல் படை'யின் வரலாற்றுப் பிரிவினர் மறுபடியும் ஆவணங்களைத் துழாவினார்கள். 2024 ஜூனில், அந்தத் தரையிறக்கத்தின் எண்பதாம் ஆண்டை ஒட்டி, உட்சனுக்குச் 'சிறப்புமிக்க சேவைச் சிலுவை' வழங்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. படைத்தலைவர் 1944-ல் முதலில் பரிந்துரைத்த அதே விருது. தளபதி அலுவலகம் அதற்கு மேல் தகுந்தது என்று கருதிய கௌரவப் பதக்கம் இன்னமும் வரவில்லை. அதை அவருக்கு வழங்கக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்பே கொண்டுவரப்பட்டிருந்தது.

அந்தச் சிலுவையை வீரர்கள் முதலில் ஒமாகா கரைக்கு எடுத்துச் சென்று, அவர் இறங்கிய மணலில் வைத்து வணங்கினார்கள். பிறகுதான் அது தொண்ணூற்றைந்து வயதான அவர் மனைவியிடம் வந்தது. வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்துவிடப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார்.